சேற்றுப்புண் வேறு, பித்தவெடிப்பு வேறு



சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் சம்பா நடவும் களையெடுப்பும் மும்முரமாக நடக்கிற காலத்தில், பயிரில் ஒரு புள்ளி விழுந்தாலும் நாம் இலையைப் பிரித்துப் பார்க்கிறோம். ஆனால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சேற்றிலேயே நிற்கிற காலை யார் பார்க்கிறார்கள்? "கால் அரிக்குது, எரியுது" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வயலில் இறங்கிவிடுகிறோம். இன்றைக்கு அந்தக் காலைப்பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். விரல் இடுக்கில் வருகிற சேற்றுப்புண் ஈரத்தால் வருவது. குதிகாலில் வருகிற பித்தவெடிப்பு வறட்சியால் வருவது. ஒன்றைக் காயவைக்க வேண்டும், மற்றதற்கு எண்ணெய்ப் பசை கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று தடவினால் ஒன்று ஆறும், மற்றது முற்றும்.

சேற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் பூஞ்சாணம். நெல்லில் குலை நோய் வருவதும் பூஞ்சாணத்தால்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இனம் வேறு, ஆனால் ஈரம் இருந்தால் பெருகும் என்ற குணம் ஒன்றுதான். அதற்காகப் பயிருக்குத் தெளிக்கிற பூஞ்சாணக்கொல்லியைக் காலில் போட்டுவிடாதீர்கள். அது நஞ்சு. கரை ஏறியவுடன் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். பிறகு பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஈரம் போகத் துடையுங்கள். கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். வயலுக்கு வடிகால் எப்படியோ, விரல் இடுக்குக்குத் துணி அப்படி.

நடவுக்கு முன்பே காலுக்கு மருதாணி வைக்கிற பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. இது அழகுக்கு மட்டும் வந்த பழக்கம் இல்லை. மருதாணியின் சிவப்புக்குக் காரணமான லாசோன் என்ற பொருள் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. பூஞ்சாணத்தை அடக்கும் தன்மை அதற்கு இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடி பச்சை இலையோடு சிறு துண்டு மஞ்சள் சேர்த்து மைய அரைத்து, காலை நன்றாகத் துடைத்த பிறகு இரவில் விரல் இடுக்கில் வையுங்கள். வாரம் ஒருமுறை போதும். தோல் கிழிந்து நீர் வடிகிற புண்ணில் வைக்கவேண்டாம். கைக்குழந்தைகளுக்கும் வேண்டாம். "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் சாயம் கலந்திருக்கலாம். தோல் வெந்து கொப்பளிக்கும். அதைத் தொடாதீர்கள்.

இனி பித்தவெடிப்பு. பெயரில்தான் பித்தம் இருக்கிறது. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. வெறுங்காலோடு வரப்பிலும் களத்து மேட்டிலும் நடந்து நடந்து தோல் தடித்து, மார்கழி, தைப் பனியில் காய்ந்து வெடிக்கிறது. இதற்கு வீட்டிலேயே ஒரு களிம்பு செய்யலாம்.

தேங்காய் எண்ணெய் 60 கிராம், விளக்கெண்ணெய் 40 கிராம், தேன்மெழுகு 20 கிராம், வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். அதற்குள் சிறு பாத்திரத்தை வைத்து, சீவிய மெழுகைப் போட்டு, தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றுங்கள். நேரடித் தீ வேண்டாம். தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். வெந்நீர்ச் சூடே போதும். உருகியதும் இறக்கி, வேப்பெண்ணெய் விட்டுக் கலக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஆறவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கெட்டுப்போகும். கெட்டியாகிவிட்டால் மறுபடி உருக்கிக் கொஞ்சம் எண்ணெய் சேருங்கள். வேப்பெண்ணெய் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து; புட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

படுக்கப்போகும் முன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் காலை ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு, குதிகாலில் மட்டும் தடவுங்கள். விரல் இடுக்கில் தடவாதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தது போலாகும். பிளேடால் சீவுவதும் கூடாது.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து விவசாயிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயை வெடிப்பில் தடவுகிற வழக்கம் உண்டு. முந்திரி, சேராங்கொட்டை, மா மூன்றும் ஒரே குடும்பம். மாம்பால் பட்டு உதடு வெந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். முந்திரித் தோல் எண்ணெயின் காரம் அதைவிடக் கடுமை. வெடிப்பு மூடினாற்போல இருக்கும். சுற்றியுள்ள தோல் கொப்பளித்துப் புண்ணாகும். மண்ணெண்ணெய், கிரீஸ் தடவுவதும் இதே கதைதான்.

"வெடிப்புதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பீர்கள். வெடிப்பு என்பது திறந்து கிடக்கிற வாசல். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உள்ளே போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வயல் வேலை செய்வதையும் சொல்லுங்கள். கடலூர், புதுச்சேரிக் கடலோரத்தில் யானைக்கால் நெடுங்காலம் இருந்துவந்த நோய். அதைப் பரப்புவது கொசு. ஆனால் வீங்கிய காலில் அடிக்கடி காய்ச்சலும் நெறியும் வந்து வீக்கம் பெருகுவதற்கு விரல் இடுக்குப் புண்ணே பெரிய காரணம். அவர்களுக்குத் தினமும் காலைக் கழுவித் துடைப்பதே பாதி வைத்தியம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் வெந்நீரில் கால் வைக்கவேண்டாம், சுட்டாலும் தெரியாது. அவர்களுக்கு வெடிப்போ புண்ணோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்களும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, சீழ் வைத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நாளைக்குக் கரை ஏறும்போது, சோற்றுத் தூக்கோடு ஒரு துண்டுப் பருத்தித் துணியும் கையில் இருக்கட்டும். அதற்குக் காசு ஆகாது. ஆனால் களையெடுப்பு முடிகிறவரை ஒரு நாள் கூலியும் போகாமல் காப்பாற்றக்கூடியது அந்தத் துணிதான்.