காலையில் ஒரு ஞாபகம், மாலையில் ஒரு ஞாபகம்

ஊரிலிருந்து அம்மா போன் செய்கிறார். பத்து நிமிடப் பேச்சு. மழை பெய்ததாம். தங்கைக்கு நல்ல வரன் வந்திருக்கிறதாம். பசு கன்று போட்டதாம். கடைசியில், "இந்த மாசம் பணம் கொஞ்சம் கொறச்சலா வந்திருக்கேப்பா" என்கிறார்.

பெங்களூரில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கி வேலை பார்க்கும் மகனுக்கு, இரவு படுத்தால் அந்தக் கடைசிப் பேச்சுதான் காதில் நிற்கிறது. கன்று போட்டது மறந்தே போகிறது.

ஒரு நாள் என்றால் பரவாயில்லை. எல்லோருக்கும் உண்டு. வாரக்கணக்கில் இப்படியே இருந்து, தூக்கமும் பசியும் கெட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

"கண்டதை நினைக்காதே" என்பார்கள் அறைத் தோழர்கள். பாவம், அவராக நினைப்பதில்லை. தானாக வருகிறது.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1975-ம் ஆண்டில் லாயிட், லிஷ்மன் என்ற டாக்டர்கள், மனச்சோர்வு நோயாளிகளிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதையொட்டி வாழ்வில் நடந்த சம்பவத்தை நினைவுகூரச் சொன்னார்கள். நோய் முற்றியவர்களுக்குக் கசப்பான சம்பவம் சட்டென்று வந்தது. இனிய சம்பவம் வர நேரம் பிடித்தது.

"பட்ட கஷ்டம் அதிகம், அதனால் அப்படி" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1982-ல் கிளார்க், டீஸ்டேல் என்ற இருவர் பதில் தேடினார்கள். இந்த நோயில் சிலருக்கு ஒரே நாளில் சோர்வு ஏறி இறங்கும். அப்படிப்பட்டவர்களை இரு வேளையும் சோதித்தார்கள். சோர்வு மிகுந்த வேளையில் துக்க நினைவுகள் அதிகம் வந்தன. குறைந்த வேளையில் அதே ஆட்களுக்கு மகிழ்ச்சியான நினைவுகள் கூடின! பட்ட கஷ்டம் அதேதான். மாறியது வேளை மட்டுமே.

கண்ணும் அப்படித்தான். சோகமான முகத்தில் போய் ஒட்டினால் சீக்கிரம் விலகுவதில்லை. சோர்வு கசப்பை இழுக்க, கசப்பு சோர்வைக் கூட்ட, செக்குமாட்டுச் சுற்றுதான். அந்த வேளையில்தான் சிலர் வேலையை விட்டுவிடுகிறார்கள். உயிரையே விட எண்ணுவோரும் உண்டு.

அமெரிக்க டாக்டர் ஆரோன் பெக் வகுத்த சிகிச்சையில், தோன்றும் எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்குச் சாதகமும் பாதகமுமான சாட்சிகளைத் தேடச் சொல்கிறார்கள். வரவையும் சேர்த்து எழுதும் கணக்கு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

பெங்களூர் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. கட்டணம் இல்லை. நடுராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம்.