ஸ்லைடின் கடைசி வரி

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்ட சுமார் 82 நொடிகளில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த நாள்களிலேயே, இதனால் ஆபத்து உண்டா என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்கு ஒரு பிரசன்டேஷன் கொடுத்தார்கள். அதிலிருந்த ஒரு ஸ்லைடு பின்னாளில் உலகப் பிரசித்தம் ஆனது, யாருக்கும் வரக்கூடாத பிரசித்தம். கணிப்பு முறை பாதிப்பைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது என்று ஆறுதல் தரும் தொனியில் அதன் தலைப்பு. கீழே புள்ளிகள், புள்ளிகளுக்குள் உள்புள்ளிகள். எல்லாம் தாண்டி அடியில், சிறிய எழுத்தில் ஒரு தகவல்: சோதனைகளில் பயன்படுத்திய நுரையின் அளவு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதாகக் கணித்தது 1,920 கன அங்குலம். 640 மடங்கு! கையிலிருக்கும் சோதனை முடிவுகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள். அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் முடிவெடுப்பவர் கண் போய்ச் சேராத இடத்தில் எழுதியிருந்தார்கள். பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள். தகவல்களைக் காட்சிப்படுத்தும் துறையின் அறிஞர் எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடை வரிவரியாக அலசினார். அந்த அலசலைத் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்ட விசாரணை வாரியம், முறையான தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தை பவர்பாயின்ட் பிடித்துக்கொண்டதையே ஒரு கோளாறாகக் குறித்தது.

நம் அலுவலக ரிவ்யூ மீட்டிங்குகளில் உயிர் போவதில்லை. ஆனால் கோளாறு அதேதான். முக்கியமான சேதி பதினேழாவது ஸ்லைடில் இருக்கும். அதற்குள் மேனேஜருக்கு அடுத்த அழைப்பு வந்துவிடும். இதைச் சரிசெய்யலாம் என்று ஒருவர் பயிற்சி வகுப்புக்குப் போனால், அங்கே கிடைப்பது பெரும்பாலும் வேறு சரக்கு: நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, கையை இப்படி அசை, குரலை ஏற்றி இறக்கு. தவறில்லை. ஆனால் அந்த போயிங் ஸ்லைடை எவ்வளவு கம்பீரமான குரலில் படித்திருந்தாலும் அடியில் கிடந்த வரி மேலே வந்திருக்காது. பிரசன்டேஷன் திறமையின் பெரும்பகுதி மேடை ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது என்பதே என் வாதம். எதிரில் இருப்பவர் இன்று எதை முடிவு செய்ய வேண்டும், அதற்கு அவருக்கு எது தெரிந்தாக வேண்டும் என்று யோசித்து அதை முதலில் வைப்பதுதான் அந்தத் திறமை.

இதற்கு எதிராகப் பயிற்சியாளர்கள் நீட்டும் கணக்கு ஒன்று உண்டு. நாம் சொல்வதில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்பார்கள். இந்தக் கணக்குக்கு மூலாதாரம், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள். ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டும் முகங்களின் புகைப்படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று மக்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்பதைத்தான் அவர் அளந்தார். உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கே இது பொருந்தும் என்று அவரே தெளிவுபடுத்தியும் இருக்கிறார். அந்தக் கணக்கு எல்லாப் பேச்சுக்கும் பொருந்துமானால், தெரியாத மொழியில் வாசிக்கப்படும் பட்ஜெட் உரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று பங்கு நமக்குப் புரிய வேண்டும்.

நம்மைக் கவிழ்ப்பது உடல்மொழியைவிட, நமக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருப்பதுதான். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. பலருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும். கேட்பவர் எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவர் மனதுக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது; கேட்பவருக்கு வெறும் டொக் டொக். ஆறு மாதம் ஒரு ப்ராஜெக்டில் புரண்டவரின் நிலையும் இதுதான். ‘மூன்றாம் காலாண்டு விற்பனை’ என்று தலைப்பிட்டுப் படத்தைப் போடுகிறார். சரக்கு தாமதமாகப் போனதால்தான் விற்பனை விழுந்தது என்பது அவருக்கு அந்தக் கோட்டிலேயே தெரிகிறது. பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு கோடு. ‘சரக்கு தாமதத்தால் விற்பனை சரிந்தது, இன்னொரு கிடங்கு வேண்டும்’ என்று அந்தத் தலைப்பையே ஒரு முழு வாக்கியமாக மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்படி எழுத முடியவில்லை என்றால், அந்த ஸ்லைடு எதற்கு என்பது எழுதியவருக்கே தெரியவில்லை என்று கொள்ளலாம். அதேபோல, திரையில் இருப்பதை அப்படியே வாய்விட்டுப் படிப்பதும் உதவாது. கண் ஒரு வேகத்திலும் காது ஒரு வேகத்திலும் ஒரே வாக்கியத்தைத் துரத்தும்போது புரிதல் குறைகிறது என்பதை ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் மேயர் போன்றோரின் ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

‘இதெல்லாம் சரி, எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறதே’ என்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது போலிருக்கிறது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியமாகக் கையில் இருந்தால் பயமும் ஓரளவு குறையும் என்பது என் ஊகம். நடுவில் தடுமாறினாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: தெளிவாகச் சொன்னாலும் மேலே இருப்பவர் கேட்க வேண்டுமே? இதற்கும் விண்வெளித் துறையிலேயே சாட்சி இருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர்கள், குளிரில் அதன் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு முறைத்தது. தயோக்கால் நிர்வாகம் தனியே கூடிப் பேசி, தன் பொறியாளர்களின் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுநாள் காலை, ஏவிய 73 நொடிகளில் கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். வெப்பநிலையையும் வளையச் சேதத்தையும் ஒரே படத்தில் காட்டியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்றார் டஃப்டி. சம்பந்தப்பட்ட பொறியாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கு இதில் பொறியாளர்கள் பக்கம்தான் சாய்வு. கேட்க மறுக்கும் நிர்வாகத்தை ஒரு வரைபடம் மாற்றிவிடும் என்று நம்புவது, பேசுபவர் தலையிலேயே எல்லாப் பழியையும் போடுவதாகிவிடும். ஆனாலும் இரண்டு கதைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சேலஞ்சர் விசாரணையில், எச்சரிக்கை வந்ததா, அதை மீறியவர் யார் என்று கேட்க முடிந்தது. கொலம்பியா ஸ்லைடைப் பார்த்த மேலதிகாரிக்கு எச்சரிக்கை வந்ததே தெரியாமல் போயிருக்கலாம். தெளிவாகச் சொன்னவர் தோற்கலாம். ஆனால் அப்போது பொறுப்பு யாருடையது என்பது பதிவாகிவிடுகிறது.

கூட்டத்தில் கேட்க வைக்க நிறுவனங்களும் கொஞ்சம் மெனக்கெடலாம். அமேசானில் 2004இல் ஜெஃப் பெசோஸ், உயர்நிலைக் கூட்டங்களில் பவர்பாயின்டை நிறுத்தினார். அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்கு மிகாத உரைநடைக் குறிப்பு. கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் வாய் திறக்காமல் அதைப் படிக்க வேண்டும். புள்ளி போட்டு எழுதும்போது ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘ஏனென்றால்’ எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன; முழு வாக்கியங்களில் அது நடக்காது. நம்மூர் நிறுவனத்தில் ஒரு சாதாரண ஊழியர் இதை உத்தரவாகப் போட முடியாதுதான். ஆனால் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை முந்தைய நாளே மேனேஜருக்கு அனுப்பிவைக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை.