திருவிழாப் பார்க்க அடுப்பை அணையுங்கள்!

பரீட்சை முடிந்துவிட்டது. பையன் புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டான். சென்னையிலிருந்து நாத்தனார் குழந்தைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கோயமுத்தூர் மைத்துனர் குடும்பமும் இந்த வருஷம் சித்திரைக்கு இங்கேதான். வீடு கலகலப்பாக இருக்கப் போகிறது. சந்தோஷம்தான்!

ஆனால் சகோதரிகளே, ஒரு கேள்வி. வந்தவர்கள் எல்லோரும் திருவிழாப் பார்க்கப் புறப்படும்போது, உங்கள் கையில் என்ன இருக்கும்? விசிறியா, கரண்டியா?

"நீங்களெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்ததும் பசிக்குமே, நான் இருந்து ஏதாவது செய்து வைக்கிறேன்" என்று சொல்லாத இல்லத்தரசி நம் தமிழ்நாட்டில் உண்டா? ஊரே பார்க்கும் வேடிக்கையை அவள் மட்டும் அடுத்த நாள் காலையில், பிறர் சொல்லக் கேட்டுக்கொள்கிறாள். இந்தக் கோடையில் அதை மாற்ற வழி உண்டா என்று பார்ப்போம்.

நடுவில் ஒரு சிற்றூர்

திண்டுக்கல் மாவட்டத்தில், வத்தலக்குண்டுக்கு அருகே சேவுகம்பட்டி என்று ஒரு பேரூர் இருக்கிறது. பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் கோடையில் வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான இருப்பிடம் கிடைப்பது கடினம். கிழக்கே போனால் மதுரை. மேற்கே போனால் தேனிச் சீமை. வடகிழக்கே திண்டுக்கல். நிமிர்ந்து பார்த்தால் கொடைக்கானல் மலை!

இந்த ஊருக்கென்றே ஒரு திருவிழாவும் இருக்கிறது. சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம், பொங்கலை ஒட்டி, கூடை கூடையாக வாழைப்பழங்களைக் கொண்டுவந்து சூறை விடுவார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் பழத்தை வீசுவதும், கூடியிருப்பவர்கள் அதைப் பிரசாதமாகப் பிடிப்பதும் கண்கொள்ளாக் காட்சி. வாழை விளையும் சீமையில் சுவாமிக்கு வாழைப்பழத்தால் விழா எடுப்பது பொருத்தம்தானே?

அது தை மாதத்து வேடிக்கை. ஆனால் அந்தப் பெருமாளின் பெயரைக் கவனியுங்கள்: சோலைமலை அழகர். மதுரைக்கு அப்பால் இருக்கும் அழகர்கோயில் மலைக்குத்தான் சோலைமலை என்று பெயர். அந்த அழகர்தான் கோடை வந்ததும் சுற்றுவட்டாரம் முழுவதையும் மதுரைப் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

அறுவடைக்காக நகர்ந்த திருவிழா

மதுரைச் சித்திரைத் திருவிழாவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறிப் பன்னிரண்டு நாள் உற்சவம். பட்டாபிஷேகத்தன்று அம்மன் செங்கோல் ஏந்துகிறாள். சித்திரையிலிருந்து ஆவணி வரை மதுரையில் அவளுடைய ஆட்சி. அடுத்துத் திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம். சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் தங்கக் குதிரையேறி வைகையில் இறங்குகிறார். அன்று அவர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே ஆவலோடு பார்க்கும். பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பிறகு வண்டியூர், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் காட்சி, பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்புதல்.

இந்த இரண்டு விழாக்களும் ஆதியில் ஒன்றாக இருக்கவில்லை. மீனாட்சி கல்யாணம் மாசி மாதத்தில் நடந்து வந்தது. அழகரோ தேனூருக்குப் போய் அங்கேதான் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் மதுரையிலே சேர்த்து வைத்தார் என்று சொல்லுவார்கள். மாசியில் அறுவடை வேலை மும்முரமாக இருக்கும். குடியானவர்கள் வர முடியாது. சித்திரையில் வயலில் வேலை ஓய்ந்திருக்கும். கையில் நாலு காசும் இருக்கும். ஆகவே மாற்றம்!

யோசித்துப் பாருங்கள். அறுவடை செய்கிறவன் வேடிக்கை பார்க்க வேண்டும் என்பதற்காகக் கல்யாணத்தையே இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள். சமைக்கிறவள் பார்க்க வேண்டும் என்பதற்காக நாம் இரவுச் சாப்பாட்டை இரண்டு மணி நேரமாவது தள்ளி வைத்திருக்கிறோமா? வயல் வேலைக்கு ஓய்வு உண்டு. அடுப்படி வேலைக்குச் சித்திரையும் இல்லை, மாசியும் இல்லை. அம்மன் அரசாளும் ஊரிலேயே இப்படி!

கூடிச் சமைத்தால்…

வழியும் அதே மதுரையில்தான் இருக்கிறது. திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து நடக்கும். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மொய்யும் எழுதுகிறார்கள். இதற்கான காய்கறியை முதல் நாளே அரியத் தொடங்கிவிடுவார்கள். அரிவாள்மணையும் கத்தியுமாகப் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து பூசணிக்காயும் கத்தரிக்காயும் நறுக்குவதைப் பார்த்தால், வேலை என்றே தோன்றாது. பேச்சும் சிரிப்பும் அப்படி! மறுநாள் முகூர்த்த நேரத்தில் சுமங்கலிகள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள்.

தனியாக ஒரு வீட்டில் இருபது பேருக்குச் சமைத்தால் அது பாரம். இருபது பேர் கூடி இருநூறு பேருக்குச் சமைத்தால் அதுவே திருவிழாவின் ஓர் அங்கம்.

அந்தக் காலத்தில் கிராமத்து ஜனங்கள் அழகரைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் கட்டுச்சோறு இருக்கும். அது தீர்ந்தால் ஆற்று மணலிலே மூன்று கல் கூட்டி ஒரே பொங்கல். வீட்டில் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்க ஒருத்தியும் பின்தங்கவில்லை, ஏனென்றால் வீடே வண்டியில் வந்துவிட்டது! பஸ்ஸும் காரும் வந்தபிறகு போவதும் திரும்புவதும் சுலபமாகிவிட்டது. "ராத்திரியே திரும்பிவிடலாம்" என்றார்கள். திரும்பி வருகிறவர்களுக்குச் சோறு வேண்டுமே, அங்கேதான் நம் சகோதரி அகப்பட்டுக்கொண்டாள்.

மதுரைக் கூட்டம் வேண்டாமா?

அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில் மதுரைக் கூட்டம் விளையாட்டல்ல. கொரோனாவினால் 2020, 2021 இரண்டு வருஷமும் ஜனங்கள் கூட முடியாமல் போய், 2022 ஏப்ரல் 16-ந் தேதி விழா மறுபடி நடந்தபோது நெரிசலில் சிக்கி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். கைக்குழந்தையோடும் வயதான மாமியாரோடும் போகிறவர்கள் ஆற்றங்கரைக்கு முண்டியடிக்க வேண்டாம். முதல் நாள் தல்லாகுளம் பக்கம் நடக்கும் எதிர்சேவையிலோ, மறுநாட்களில் மண்டகப்படிகளிலோ நிதானமாகத் தரிசிக்கலாம். அழகர் வழியெல்லாம் நின்று நின்றுதானே வருகிறார்!

திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பிலும் ஓர் அழகர் இருக்கிறார். சௌந்தரராஜப் பெருமாள் என்று பெயர். சௌந்தரம் என்றாலும் அழகுதானே? குடகனாற்றங்கரையில் இருக்கும் இந்தக் கோயிலிலும் சித்திரைத் திருவிழா உண்டு. கோயிலின் மண்டபத்துத் தூண்களில் இருக்கும் ஆளுயரச் சிற்பங்களைக் குழந்தைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். கல்லிலே நகமும் நரம்பும் தெரியும்.

மேற்கே போகிறவர்களுக்குத் தேனிக்கு அருகே வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். சித்திரை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை தொடங்கி எட்டு நாள் இரவும் பகலும் திருவிழா. தீச்சட்டி ஏந்துகிறவர்கள், ஆயிரங்கண் பானை எடுக்கிறவர்கள், கண் நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் என்று ஆற்றங்கரை நிறைந்திருக்கும். ராட்டினமும் வளையல் கடையும் கேட்க வேண்டுமா? போகிற வழியில் 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையையும் பார்த்துவிடலாம். அழகர் இறங்குவதற்கென்று ஆற்றில் தண்ணீர் திறந்துவிடுவது இங்கிருந்துதான் என்று சொன்னால், பையன் உங்களை மதிப்போடு பார்ப்பான்.

விடிய விடிய நாடகம்

கோயில் கொடைகளில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு வேடிக்கை ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் இந்தப் பக்கத்து மேடைகளில் நடக்கின்றன. இதில் ஒரு விசேஷம்: நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்ல. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் நேருக்கு நேர் நின்று, பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு! வள்ளி தினைப்புனத்தில் நின்று வாதாடும்போது, அந்த நடிகையின் சமயோசிதத்தைக் கண்டு பெண்கள் பக்கத்தில் எழும் சிரிப்பை நீங்கள் கேட்க வேண்டும்.

இரவு பத்து மணிக்கு மேல்தான் நாடகம் ஆரம்பம். முடியும்போது கிழக்கு வெளுக்கும். பாத்திரம் தேய்த்து, அடுப்படி மெழுகி முடித்தவளும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்காரலாம். நம் முன்னோர் அவளை மனத்தில் வைத்துத்தான் இந்த நேரத்தைக் குறித்தார்களோ என்னவோ! ஆனால் காலையில் காப்பி போடுவது யார் என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள். விடிய விடிய விழித்தவளே போட வேண்டும் என்று சட்டம் இல்லை.

மலைக்கு ஒரு நாள்

குழந்தைகள் கொடைக்கானலை விடமாட்டார்கள். மே மாதத்தில் அங்கே கோடை விழா. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. 2024-ல் நடந்தது 61-வது கண்காட்சி. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரி அருகிலேயே இருக்கிறது. கூட்டம் மலை தாங்காத அளவுக்குப் பெருகியதால், 2024 மே 7 முதல் சொந்தக் காரிலும் வாடகைக் காரிலும் போகிறவர்கள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். புறப்படுமுன் அந்த விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை, வண்டி நிறுத்த இடம் தேடும் தொல்லையும் இல்லை.

இனி, அடுப்பு விஷயம்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நீங்களும் போக வேண்டும். அதற்கு நான்கு யோசனைகள்:

ஒன்று: விருந்தாளிகள் வந்த அன்றே திருவிழா நாட்களை எண்ணி, "இந்த மூன்று நாள் வீட்டில் இரவு அடுப்பு எரியாது" என்று அறிவித்துவிடுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் சொன்னதை மாற்றக் கூடாது!

இரண்டு: பக்கத்து நான்கு வீடுகள் கூட்டுச் சேருங்கள். முதல் நாள் ஒரு வீடு புளியோதரை, ஒரு வீடு தயிர் சாதம், ஒரு வீடு துவையலும் வடகமும், நாலாவது வீட்டுக்கு முழு ஓய்வு. மறுநாள் முறை மாறும். புளிக்காய்ச்சலை முன்கூட்டியே நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் செய்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தயிர் சாதம் சித்திரை வெயிலில் புளிக்காமல் இருக்க, சாதத்தை நன்றாக ஆறவைத்துக் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசையுங்கள். வெளியூருக்குக் கொண்டுபோனாலும் மதியமே சாப்பிட்டுவிடுங்கள். இரவுக்கு மிச்சம் வைக்க வேண்டாம்.

மூன்று: தண்ணீரை ஆண்கள் பொறுப்பில் விடுங்கள். ஆளுக்கு ஒரு குப்பி நிரப்புவதும், குழந்தைகளுக்குப் பானகமும் நீர்மோரும் எடுத்து வருவதும் அவர்கள் வேலை. குழந்தையின் சட்டைப் பையில் அப்பாவின் போன் நம்பரை எழுதி வைப்பதும் அப்படியே.

நான்கு: கழிப்பிடம் எங்கே இருக்கிறது என்று போனவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்று மயங்கி விழுகிறார்கள். ஊர்த் திருவிழாக் கமிட்டியில் உங்கள் வீட்டு ஆண்கள் இருந்தால், மைக் செட்டுக்கும் சீரியல் விளக்குக்கும் பணம் ஒதுக்குமுன் பெண்களுக்குக் கழிப்பிடம் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். அது கூத்தைவிட முக்கியம்.

"வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று தயங்குகிறீர்களா? சென்னை நாத்தனாரும் அவள் வீட்டில் வருஷம் முழுவதும் அடுப்படியில் நிற்கிறவள்தானே! கட்டுச்சோற்று மூட்டையைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்படப் போகிறவள் அவள்தான். ஆகவே இந்தச் சித்திரையில் இரவுச் சமையலுக்கு விடுமுறை விடுங்கள். ஒரு பாய், ஒரு விசிறி, ஒரு தூக்குப் பாத்திரம் நிறையத் தயிர் சாதம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் நீங்கள் தெருவில் இறங்குங்கள்!