அலுமினியத் தகட்டைப் பிசிறில்லாமல் வெட்டுவது எப்படி?

போன செமஸ்டரில் எங்கள் டீம் ஒரு கோ-கார்ட் கட்டியது. இன்ஜினுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகடு நிற்கணும். ஃபயர்வால் என்பார்கள். சூடு, தெறிக்கிற ஆயில், ஏதாவது ஆனால் தீ என எதுவும் டிரைவர் முதுகுக்கு வராமல் தடுப்பது அதுதான். வெயிட் கம்மி என்பதால் 1 மி.மீ. அலுமினியத் தகடு வாங்கினோம்.

"அலுமினியம்தானே, சாஃப்ட் மெட்டல், அஞ்சு நிமிஷ வேலை" என்று கடைசி ராத்திரி வரை தள்ளிப் போட்டோம். கையில் கிடைத்த ஆங்கிள் கிரைண்டரில் இரும்பு வெட்டுகிற வீலையே மாட்டி இறங்கினோம். ஓரமெல்லாம் உருகி ஒட்டிய பிசிறு. தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. செயின் போவதற்காக விட்ட வெட்டின் மூலையில், வீல் கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போய்விட்டது. "யார் பார்க்கப் போறாங்க" என்று அப்படியே மாட்டிவிட்டோம்.

ட்ரையல் ஓட்டிய ரெண்டாவது நாள் அந்த மூலையிலிருந்து விரிசல் கிளம்பி நாலு விரல் அகலத்துக்குப் போயிருந்தது. இன்ஜின் அதிர்வு மட்டும்தான் காரணம், வேறு எதுவும் இடிக்கவில்லை. வண்டி ஓட்டினவன் என் ரூம்மேட். ரேஸ் நடுவில் அது கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னைக்கும் கை சில்லிடுது.

அந்த வாரம் தகட்டை எடுத்துக்கொண்டு வடலூரில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்கு நெய்வேலி அனல்மின் நிலையங்களில் லாகிங் வேலை. 1962-ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து நெய்வேலியில் பாய்லர்களும் நீராவிக் குழாய்களும் இருக்கின்றன. அந்தச் சூடான குழாய்கள் மேல் ராக் வூல் சுற்றி, அதுக்கு மேல் அலுமினியத் தகட்டைச் சட்டை மாதிரி போடுவதுதான் லாகிங் ஆட்களின் வேலை. அவர்கள் தினமும் வெட்டுகிற தகட்டை நாம் நாலு வருஷத்திலும் வெட்ட மாட்டோம்.

தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாடா இது, எலி கடிச்ச மாதிரி? தகட்டை வெட்டுறது பிளேடு இல்லடா. அசையாம பிடிக்கிறதுதான். அது அசைஞ்சா எந்தக் கத்தி வச்சாலும் இப்படித்தான்."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரிக்கான விளக்கம்தான்.

சாஃப்ட் என்பதுதான் பிரச்சினை

இரும்பின் யங் மாடுலஸ் சுமார் 200 ஜிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு 70. அதாவது ஒரே தடிமன், ஒரே விசை என்றால் அலுமினியத் தகடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வளையும். நாம் வெட்டணும் என்று அழுத்துகிறோம், அது வளைந்து தப்பிக்கப் பார்க்கிறது.

அடுத்தது ஒட்டும் குணம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதுக்கு ரொம்ப முன்பே இளகி, ரம்பப் பல்லின் நுனியில் போய் அப்பிக்கொள்ளும். மெஷினிங் பாடத்தில் பில்ட்-அப் எட்ஜ் என்று படித்தோமே, அதேதான். பல் மேல் அலுமினியம் ஏறிவிட்டால், அதன்பின் வெட்டுவது பல் இல்லை, அந்த அலுமினியக் கட்டி. அது வெட்டாது, கிழிக்கும்.

மூன்றாவது, சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஓரம் மட்டும் சூடாகி விரிய, நடுப்பகுதி குளிர்ந்து கிடக்க, மெல்லிய தகடு நெளிந்துவிடும். எங்கள் அப்பளக் கதை இதுதான்.

ஆக எந்த முறையில் வெட்டினாலும் கவனிக்க வேண்டியது மூன்று: வளைய விடாதே, ஒட்ட விடாதே, சூடாக்காதே.

வெட்டும் முன்

கடையில் தகட்டை கேஜ் கணக்கில் சொல்வார்கள். நம்பர் ஏற ஏற தகடு மெல்லிசு. ஸ்டாண்டர்ட் வயர் கேஜில் 18 என்றால் 1.22 மி.மீ., 22 என்றால் 0.71, 24 என்றால் 0.56. ஒருமுறை வெர்னியரில் அளந்துவிடுவது நல்லது. முறையைத் தீர்மானிப்பதே தடிமன்தான்.

டெம்பரையும் கேளுங்கள். மெத்தென்ற தகடு வெட்ட எளிது, ஆனால் ஓரம் மடங்கும். கொஞ்சம் கெட்டியான தகடு சுத்தமாக வெட்டுப்படும், ஆனால் கூர்மையாக வளைத்தால் விரியும்.

மார்க் பண்ண பென்சில் வேண்டாம். கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிப்பை உண்டாக்கும். விமானத் தகடு வேலையில் இதனாலேயே பென்சிலைத் தொடவிடுவதில்லை. மெல்லிய மார்க்கர் போதும். ஸ்க்ரைபரால் கீறுவது வெட்டுகிற கோட்டில் மட்டும். மடிக்கிற கோட்டில் கீறினால், மடிக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கைக்கத்திரி

சுமார் 1.2 மி.மீ. வரை தகட்டுக் கத்திரியே போதும். பொதுவாக மஞ்சள் கைப்பிடி நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்க வளைவுக்கு.

கத்திரியின் இரண்டு அலகுகளுக்கும் இடையில் இருக்கிற சந்துதான் உயிர். ஷியரிங்கில் இந்த இடைவெளி தகட்டுத் தடிமனில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 22 கேஜ் தகட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.04-லிருந்து 0.07 மி.மீ. ஒரு ஏ4 தாளின் தடிமனே சுமார் 0.1 மி.மீ. அதைவிடக் குறைவு! திருகு லூசான கத்திரியில் தகடு வெட்டுப்படாமல் ரெண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து நுழைவது இதனால்தான். சித்தப்பா கத்திரியை எடுத்தால் முதலில் ஒரு செய்தித்தாளை வெட்டிப் பார்க்கிறார். தாள் மடிந்தால் திருகை முடுக்குகிறார்.

அவரிடம் கற்ற இன்னும் ரெண்டு விஷயம். ஒன்று, கத்திரியை முழுசாக மூடக்கூடாது. முழுசாக மூடினால் நுனி பட்ட இடத்தில் குறுக்கே ஒரு சின்ன வெட்டு விழும். முக்கால்வாசி மூடி, தகட்டை உள்ளே தள்ளி, மறுபடி வெட்டணும். ரெண்டு, நேரடியாகக் கோட்டில் இறங்கக்கூடாது. கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒருமுறை வெட்டிவிட்டு, பிறகு கோட்டில் வெட்டணும். இப்போது கழிவாகப் போகிற பட்டை ஒல்லியாக இருப்பதால் அது சுருண்டு வழிவிடும். நமக்கு வேண்டிய பக்கம் தட்டையாகவே நிற்கும்.

கீறி ஒடிப்பது

மெஷினே இல்லாத ஹாஸ்டல் ரூமிலும் செய்யக்கூடிய முறை. 1 மி.மீ. வரையிலான, கொஞ்சம் கெட்டியான தகட்டில், ஓரத்திலிருந்து ஓரம் வரை போகிற நேர்க்கோட்டுக்கு மட்டும். ஸ்டீல் ஸ்கேலை கிளாம்ப் போட்டு இறுக்கி, அக்ரிலிக் கட்டரால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இழுக்கணும். முதல் ரெண்டு இழுப்பு லேசாக, கோடு பதிந்த பிறகு அழுத்தமாக. தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது பள்ளம் விழுந்ததும் அந்தக் கோட்டை மேசை விளிம்பில் வைத்து, மேலே ஒரு பலகையோடு கிளாம்ப் போட்டு, மேலும் கீழுமாக மடித்தால் நாலைந்து மடிப்பில் பிரிந்துவிடும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து ஒடிப்போமே, அதே ஃபெட்டீக்தான். இங்கே அதை நமக்கு வேலை செய்ய வைக்கிறோம்.

ரம்பமும் ஜிக்சாவும்: பல் கணக்கு

வளைவான வெட்டு, தடித்த தகடு என்றால் ஜிக்சா. இதில் ஒரு எளிய விதி உண்டு. எந்த நேரமும் குறைந்தது ரெண்டு, மூன்று பற்கள் தகட்டுக்குள் இருக்கணும்.

ஒரு அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில் ரெண்டு பல்லுக்கு நடுவே 1.06 மி.மீ. 3 மி.மீ. தகட்டில் கிட்டத்தட்ட மூன்று பல் உள்ளே இருக்கும், சரி. ஆனால் 1 மி.மீ. தகட்டில் ஒரு பல்கூட முழுசாக நிற்காது. தகடு ரெண்டு பல்லுக்கு நடுவில் விழுந்து, அடுத்த பல் வந்து மோதும். அந்தப் படபட சத்தமும் கிழிந்த ஓரமும் இதனால்தான். 32 பல் ஹாக்சா பிளேடு போட்டாலும் இடைவெளி 0.8 மி.மீ.தான்.

அப்போ என்ன செய்வது? தகட்டை ரெண்டு மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவில் வைத்து, இறுக்கி, மூன்றையும் சேர்த்து வெட்டணும். பல்லுக்கு இப்போது 1 மி.மீ. இல்லை, 9 மி.மீ. தடிமன். தகடு வளையவும் முடியாது, துடிக்கவும் முடியாது. சித்தப்பா சொன்ன "அசையாம பிடிக்கிறது" இதைவிடத் தெளிவாக எங்கேயும் தெரியாது.

பல்லில் அலுமினியம் அப்பாமல் இருக்க பிளேடில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளலாம். பட்டறைகளில் மண்ணெண்ணெய் தொடுவார்கள். ஆனால் பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டிங்கோ நடந்தால் அதைத் தொடவே வேண்டாம், மெழுகு போதும்.

கட்டிங் வீல் ஏன் வேண்டாம்

இரும்புக்கான வீலில் துகள்களுக்கு நடுவே நுண்ணிய துளைகள் இருக்கும். இளகிய அலுமினியம் அதில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு வீல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, நாம் இன்னும் அழுத்துவோம், இன்னும் சூடு. கடைசியில் வீலே சிதறலாம். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சில்லு முகத்துக்கு நேராக வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஆபத்து தூள். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் சேர்ந்த கலவைதான் தெர்மைட். ரயில் தண்டவாளத்தை இணைக்கிற அதே வினை. அலுமினியத் தூள் கிடக்கிற மேசையில் துருப்பிடித்த இரும்பை கிரைண்ட் பண்ணாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் அலுமினியத்துக்கென்றே வருகிற வீல், முகத்துக்கு ஷீல்டு, சுத்தமான மேசை மூன்றும் கட்டாயம்.

மெஷின் கிடைத்தால்

நம் ஷீட் மெட்டல் லேபில் இருக்கிற கால்மிதி ஷியர்தான் நேர்வெட்டுக்கு ராஜா. பிளேடு இறங்கும் முன் ஒரு பட்டை வந்து தகட்டை அமுக்கிப் பிடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மறுபடி அதே பாடம். வளைவுகளுக்கு நிப்ளர் நல்லது. அது தகட்டைச் சின்னச் சின்னப் பிறையாகக் கடித்து எடுத்துவிடுவதால் இருபக்கமும் நெளியாது. அந்தப் பிறைத் துண்டுகள் செருப்பில் குத்தும், உடனே கூட்டிவிடுங்கள்.

ஒரே மாதிரி பத்துத் துண்டு வேண்டும் என்றால் வரைபடத்தை லேசர் கடைக்கு அனுப்பலாம். ஃபைபர் லேசரா என்று கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளியை அலுமினியம் பெரும்பாலும் திருப்பி அடித்துவிடும். சுமார் 1 மைக்ரான் அலைநீளமுள்ள ஃபைபர் லேசரை அதைவிட நன்றாக உள்வாங்கும். நைட்ரஜன் வாயு வைத்து வெட்டினால் ஓரம் பளிச்சென்று வரும்.

மூலையும் ஓரமும்

எங்கள் விரிசலுக்கு வருவோம். கூரான உள்மூலையில் தகைவு குவியும். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் என்று மூன்று மார்க் கேள்விக்கு எழுதியவர்கள்தான் நாங்கள். செய்ய வேண்டியது ரொம்ப எளிது: உள்மூலை வரும் இடத்தில் முதலில் 5 அல்லது 6 மி.மீ. ட்ரில் போட்டுவிட்டு, வெட்டை அந்தத் துளையில் கொண்டுவந்து முடிக்கணும். மூலை கூராக இருக்காது, வெட்டும் கோட்டைத் தாண்டாது. ட்ரில் போடும்போது அடியில் மரக்கட்டை வைத்து கிளாம்ப் போடுங்கள், தகடு சுற்றினால் விரல் போகும். ட்ரில்லில் கையுறை கூடாது. கத்திரியில் வெட்டும்போது கையுறை வேண்டும்.

கடைசியாக அரம். அலுமினியத் துகள் அரத்தின் பல்லில் சிக்கி, அடுத்த இழுப்பில் தகட்டைக் கீறும். அரத்தில் முதலில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் சிக்காது. ஓரத்துக்கு நீளவாக்கில் இழுத்து, பிறகு எமரி தாளை மரக்கட்டையில் சுற்றி ஒரு தேய்ப்பு.

"இவ்வளவு எதுக்கு சித்தப்பா, குழாய் மேல போடுற தகடுதானே?" என்று கேட்டேன். அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 219 மி.மீ. குழாய், சுற்றி 75 மி.மீ. ராக் வூல், ஆக வெளி விட்டம் 369. பையால் பெருக்கினால் 1159. மேலே ஏறிப் படுக்க 50 சேர்த்தால் 1209 மி.மீ. "வெட்டு கோணலாப் போச்சுன்னா அந்த அம்பதுல சந்து விழும். சந்துல மழைத்தண்ணி இறங்கும். ராக் வூல் நனைஞ்சா சூட்டைத் தடுக்காது, உள்ள குழாய் துருப்பிடிக்கும். மேல பளபளன்னு இருக்கிறதால வெளியில யாருக்கும் தெரியாது தம்பி."

புது ஃபயர்வாலை அவர் வீட்டுத் திண்ணையிலேயே வெட்டினேன். மூலைகளுக்கு ட்ரில், வளைவுக்கு பிளைவுட் நடுவில் ஜிக்சா, மீதிக்குக் கத்திரி. அரை நாள் ஆனது. முடிந்ததும் சித்தப்பா ஒரு துண்டு பஞ்சை எடுத்து ஓரம் முழுக்க இழுத்துக்கொண்டு போனார். எங்கே பிசிறு இருக்கிறதோ அங்கே பஞ்சு இழை மாட்டும். ரெண்டு இடத்தில் மாட்டியது. அரத்தை என் கையில் கொடுத்தார். மூன்றாவது முறை பஞ்சு தடையில்லாமல் சுற்றி வந்தது.

அந்தத் தகடு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாலு மூலையையும் பார்க்கிறோம். இதுவரை விரிசல் இல்லை. நீங்கள் அடுத்து எதற்காகத் தகடு வெட்டினாலும் பையில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.