தாயின் பதிவேட்டில் இருக்கிறது, பிள்ளையின் அட்டையில் இல்லை

புத்தளம் பக்கத்தில், கற்பிட்டியிலும் நுரைச்சோலையிலும் முந்தலிலும் உடப்பிலும், திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். இருபதாவது வாரத்து ஸ்கேனில் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிகிறது. அறிக்கை ஆங்கிலத்தில். “கிட்னியில கொஞ்சம் தண்ணி நிக்குது, பொறந்த பொறகு பாப்பம்” என்று யாரோ சொல்கிறார்கள். பிள்ளை பிறந்து, அழுது, பாலும் குடிக்கிறது. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘பாப்பம்’ என்றதை அதன் பிறகு எவரும் பார்ப்பதில்லை. சில மாதங்களில் விடாத காய்ச்சலோடு பிள்ளை வைத்தியசாலைக்குத் திரும்பும்போது, அந்த ஸ்கேன் துண்டு அலுமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

கண்டுபிடிப்பதில் குறையில்லை. கண்டதைப் பிள்ளையின் தாளில் ஏற்றுவதில்தான் குறை. கர்ப்பகால விபரமெல்லாம் தாயின் எச் 512 பதிவேட்டில் ஏறுகிறது. பிறந்ததும் பிள்ளைக்கு வேறொரு சுகாதார அட்டை கொடுக்கிறார்கள். சிறுநீரகம் பிள்ளையுடையது, குறிப்போ தாயின் தாளோடு நின்றுவிடுகிறது. ஒரு வரியைப் பெயர்த்தெழுத எத்தனை நிமிடம் வேண்டும்?

பயந்து நடுங்கவும் வேண்டாம். நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரை இந்த வீக்கம் தென்படுகிறது. பெரும்பாலானவை தாமாகவே வடிந்துவிடும். மிச்சம்தான் கவலைக்குரியது: சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே திரும்பிப் பாய்வது, ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் சிறுநீர்வழி வால்வு அடைப்பு. இதை வயிற்றிலேயே காண்பது புதுமையும் அல்ல. சிட்னியில் 1970இலேயே கருவிலிருந்த பிள்ளையின் சிறுநீரகக் கோளாறு ஒன்றை ஸ்கேனில் கண்டார்கள்.

அறிக்கையில் தேட வேண்டியது ஒரு எண். சிறுநீரகத்தின் நடுக்குழி முன்பின்னாக எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும். இருபதாவது வார ஸ்கேனில் 4, கடைசி மூன்று மாதங்களில் 7, இவற்றுக்குக் குறைந்தால் பொதுவாகப் பயமில்லை. 28 வாரத்துக்குப் பின் 10ஐத் தொட்டால் விசேட வைத்திய நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். எண் இல்லாத அறிக்கையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்தப் பக்கத்தில் கிட்னி என்றாலே அநுராதபுரத்து விவசாயிகளை வாட்டும் நோய்தான் நினைவுக்கு வருகிறது. வடிகட்டிய தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. கருவிலேயே குழாய் அமைந்த விதத்தில் வந்த கோளாறு தண்ணீரை மாற்றுவதால் மாறாது. கர்ப்பிணி கவனிக்க வேண்டியது மாத்திரைகளை: பார்மசியில் தாமே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற நோவு மாத்திரைகளும், எனலாப்ரில், லொசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. பிரஷருக்கு மருந்து எடுப்பவர் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே, எட்டு வாரம் ஆகுமுன், எம்.ஓ.எச். காரியாலயத்தில் பதிந்து மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி முக்கியமான வேலை. டிக்கட் வெட்டும் நாளில் வார்டில் இருக்கும் பிள்ளை வைத்தியரிடம் ஸ்கேன் அறிக்கையை நீட்டி, பிள்ளையின் அட்டையிலும் டயக்னோசிஸ் கார்டிலும் மூன்றை எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பக்கச் சிறுநீரகம், எத்தனை மில்லிமீற்றர், அடுத்த ஸ்கேன் எந்தத் திகதியில். எழுதி வாங்காமல் கட்டிலை விட்டு இறங்காதீர்கள். பிறந்த முதல் இரண்டு நாள் பிள்ளைக்குச் சிறுநீர் குறைவு. அப்போது எடுக்கும் ஸ்கேன் வீக்கத்தை மறைத்து “நோர்மல்” என்று காட்டிவிடும். முதல் வாரக் கடைசியில் ஒன்று, ஒரு மாதமளவில் இன்னொன்று வேண்டும். முதலாவது நன்றாக இருந்ததென்று இரண்டாவதை விடக் கூடாது.

காத்திருக்கவே கூடாதவர்கள் உண்டு. இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தால், ஒன்றே ஒன்று மட்டும் இருந்து அதுவும் வீங்கியிருந்தால், ஆண் பிள்ளையின் சிறுநீர்ப்பை பெருத்திருந்தால், பனிக்குட நீர் குறைந்திருந்தால், பிரசவத்துக்கு முன்பே இடம் தீர்மானிக்க வேண்டும். புத்தளம் ஆதார வைத்தியசாலையிலோ சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ மகப்பேற்று நிபுணரிடம் கொழும்புக்குக் கடிதம் கேளுங்கள். காசல் வீதி, டி சொய்சா மகளிர் வைத்தியசாலைகளிலிருந்து பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை கிட்டத்தான். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். பிறந்த பிள்ளையோடு அவசரத்தில் ஓடுவதற்கு அது நெடுந்தூரம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டே. ஆண் பிள்ளை சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தால் அன்றே காட்டுங்கள். இருமலோ தடிமனோ இல்லாமல் காய்ச்சல் வந்தால் அன்டிபயோட்டிக் கொடுக்குமுன் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஓதலாம், நூல் கட்டலாம், சிறுநீர்ச் சோதனை அவற்றுக்கு முந்த வேண்டும்.

தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்த்துத் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. புத்தளத்தில் இதைச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. அறிக்கையின் பிரதி தர மறுத்தால் வைத்திய அத்தியட்சகருக்கு எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், உயிரோடு தொடர்புள்ள தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள்.

“கலைத்துவிடு” என்று அயலில் யோசனை சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. களவாகச் செய்யும் இடங்களில் போவது தாயின் உயிர். அதுவும், பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் ஒரு வீக்கத்துக்காக.

பிரசவமாகி முதல் பத்து நாட்களுக்குள் மிட்வைஃப் வீட்டுக்கு வருவார். அவர் பிள்ளையை நிறுக்கத் தொடங்குமுன், ஸ்கேன் துண்டையும் பிள்ளையின் அட்டையையும் ஒன்றாக அவர் கையில் கொடுங்கள். அட்டையில் பக்கம், மில்லிமீற்றர், திகதி என்ற அந்த மூன்றும் இல்லையென்றால் அவரைக்கொண்டே எழுதுவியுங்கள். ஸ்கேன் திகதி தவறியிருந்தால் அடுத்த நாளே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.