கறிவேப்பிலைச் செடியில ஒரு பயாலஜி லேப்

ப்ளஸ் டூவில் பயோ-மேத்ஸ் எடுத்துட்டு இன்ஜினியரிங் வந்து சேர்ந்தவங்க உங்க கிளாஸ்ல எத்தனை பேர்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நிறையப் பேர் கை தூக்குவாங்க. அடுத்ததா, "இலைத்துளையைப் படத்துல இல்லாம நேர்ல பார்த்தவங்க யாரு?"ன்னு கேளுங்க. இப்போ தூக்கின கைகளை எண்ணுறது ரொம்ப ஈஸியா இருக்கும்.

காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான். "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்ற ஒரே வரியில் பல பள்ளிகளில் உயிரியல் முடிஞ்சு போகுது. மைக்ரோஸ்கோப் பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கும், சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் தெரியாது. உயிர் உள்ள பொருளைப் பற்றிய பாடத்தை உயிர் உள்ள எதையும் தொடாமலே முடிச்சுட்டு வந்திருக்கோம்.

இதுல நமக்கு என்ன வேலைன்னு கேட்காதீங்க. என்.எஸ்.எஸ். கேம்ப், உன்னத் பாரத் அபியான்னு ஏதாவது ஒரு பேர்ல பக்கத்துல இருக்கற அரசுப் பள்ளிகளுக்கு நாம போயிட்டுத்தான் இருக்கோம். வழக்கமா என்ன எடுத்துட்டுப் போறோம்? லைன் ஃபாலோயர் ரோபோ, ஒரு ஆர்டுயினோ, ஒரு பவர்பாயிண்ட். பசங்க கை தட்டுவாங்க. நாம பஸ் ஏறினதும் ரோபோவும் நம்மளோடவே திரும்பி வந்துடும், அந்தப் பள்ளியில எதுவும் மிச்சம் இருக்காது. அதுக்குப் பதிலா, அந்த ஊர்லயே இருக்கற பொருளை வச்சு அந்த ஊர் ஆசிரியர் நாளைக்கும் செஞ்சு காட்டக்கூடியதை எடுத்துட்டுப் போகலாமே!

முதல்ல லென்ஸ். இது நம்ம ஏரியா. ஒரு கண்ணாடி மணி எவ்வளவு பெருசாக்கிக் காட்டும்னு கணக்குப் போட ஒரு சின்ன சூத்திரம் போதும்: குவியத்தூரம் = (ஒளிவிலகல் எண் × விட்டம்) ÷ 4(ஒளிவிலகல் எண் − 1). 250 மில்லிமீட்டரை இந்தக் குவியத்தூரத்தால வகுத்தா உருப்பெருக்கம் வந்துடும். 2.4 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி மணிக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 140 மடங்கு வரும். ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ரோஸ்கோப்போட அடிப்படையே இதுதான். 2014-ல் அதை வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு குழுவின் தலைவர் மனு பிரகாஷ் ஐ.ஐ.டி. கான்பூரில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவர். சி.எஸ். பசங்க கவனிக்க!

அதே சூத்திரத்துல தண்ணிக்கு 1.33 போடுங்க. குவியத்தூரமும் விட்டமும் ஏறக்குறைய ஒண்ணா வந்து நிக்கும். 2 மி.மீ. தண்ணீர்த் துளி, 2 மி.மீ. குவியத்தூரம். இதை வச்சு ஒரு நல்ல வேடிக்கை காட்டலாம். ஒரு கைப்பிடி வைக்கோலைக் குளத்துத் தண்ணியில நாலஞ்சு நாள் ஊறப்போடுங்க. அந்தத் தண்ணியை ஊசி கழற்றின சிரிஞ்சில எடுத்து, நுனியில ஒரு துளி தொங்க விடுங்க. இருட்டு அறையில சிவப்பு லேசர் பாயிண்டரை அந்தத் துளி வழியா ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கற சுவர்ல அடிங்க. 2000-ஐ 2-ஆல் வகுத்தா சுமார் 1000 மடங்கு. 0.2 மி.மீ. இருக்கற பாரமீசியம் சுவர்ல ஒரு சாண் நீளத்துக்கு நிழலா நீந்திப் போகும். சுத்திலும் வளையம் வளையமா தெரியறது விளிம்பு விளைவு, அதை பிசிக்ஸ் சார்கிட்ட ஒப்படைச்சுடலாம். லேசரை மேசையில அசையாம கட்டி வைங்க. பசங்க எல்லாரும் லேசருக்குப் பின்னால உட்காரணும், யாரும் எதிர்ல வரக்கூடாது. இதுல மட்டும் சமரசமே வேண்டாம்.

பாக்கெட்டில தூக்கிட்டுப் போக, கெட்டுப்போன லேசர் பாயிண்டர் இல்லேன்னா பழைய டிவிடி டிரைவிலிருந்து கழற்றின குட்டி லென்ஸ் போதும். அதை ஒரு ஹேர்பின்ல செருகி, போன் கேமரா மேல டேப் போட்டு ஒட்டுங்க. வெங்காயத் தோலை உரிச்சு, மெடிக்கல் ஷாப் அயோடின் மருந்தைத் தண்ணி கலந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தா செங்கல் அடுக்கின மாதிரி செல்கள் தெரியும். அந்த அயோடினே உருளைக்கிழங்கைச் சுரண்டின சாறுல பட்டா ஸ்டார்ச் மணிகளைக் கருநீலமா ஆக்கிடும்.

இலைத்துளைக்கு இன்னும் சுலபமான வழி இருக்கு. இலையோட அடிப்பக்கத்துல நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, காய்ஞ்சதும் செலோடேப்பால உரிச்சுக் கண்ணாடித் துண்டுல ஒட்டுங்க. இலையோட அச்சு அப்படியே வந்துடும். ஆனா உடனே காட்டிடாதீங்க. "குளத்துல மிதக்கற அல்லி இலைக்குத் துளை எந்தப் பக்கம் இருக்கும்?"னு முதல்ல கேளுங்க. பெரும்பாலும் புத்தகத்துல படிச்ச மாதிரி கீழ்ப்பக்கம்னு சொல்வாங்க. "கீழ்ப்பக்கம் தண்ணியில இருக்கே, காத்து எப்படிப் போகும்?"னு யாராவது ஒரு பொண்ணு எந்திரிச்சுக் கேட்பா. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் அச்சு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. அல்லிக்குத் துளை மேல்பக்கம்தான். அந்த வாக்குவாதத்தைக் கேட்டுட்டு, அதுக்கப்புறம் பார்க்கறவங்க அதை எந்தப் பரீட்சைக்கும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்காது.

ஸ்மார்ட் கிளாஸ் அனிமேஷனை நான் குறை சொல்லலை. ஆனா அதுல வர்ற செல் ரொம்பச் சுத்தமா இருக்கும். வெங்காயத் தோல்ல மடிப்பு இருக்கும், காத்துக்குமிழ் இருக்கும். கறுப்பு விளிம்போட வட்டமா இருக்கற குமிழைப் பசங்க "செல்"னு வரைஞ்சுட்டு வருவாங்க. அது குமிழ்தான்னு அவங்களே எப்படிக் கண்டுபிடிக்கலாம்? மேல இருக்கற கண்ணாடியை லேசா அழுத்திப் பார்க்கணும், நகர்ந்தா குமிழ். இந்த மாதிரி சந்தேகப்படறதுக்கு அனிமேஷன்ல வாய்ப்பே இல்லை.

இப்போ கறிவேப்பிலைக்கு வருவோம். வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியில மேல இருக்கற இளந்தளிரை நல்லாப் பாருங்க. பறவை எச்சம் போட்ட மாதிரி கறுப்பும் வெள்ளையுமா ஏதோ ஒட்டிட்டு இருந்தா அதைத் தட்டி விட்டுடாதீங்க. அது ஒரு வண்ணத்துப்பூச்சியோட புழுவா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காமன் மார்மன்னு பேர். சின்னதா இருக்கும்போது எச்சம் மாதிரி வேஷம் போடும், வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிடும். வளர்ந்த புழுவோட தலைப் பக்கத்துல ஒரு குச்சியால லேசா தொட்டா, பாம்பு நாக்கு மாதிரி பிளந்த ஒரு சிவந்த உறுப்பை வெளியே நீட்டும். கூடவே ஒரு கார நெடி வரும். கிளாஸ்ல மிரளாம இருக்கறவங்க கம்மி.

கிளையோட வெட்டித் தண்ணி பாட்டில்ல செருகி, மேல ஒரு கொசுவலையைக் கட்டிட்டா போதும், தினமும் இலை மாத்திட்டே இருக்கலாம். புழு பாட்டிலுக்குள்ள விழாம வாயைப் பஞ்சால அடைச்சுடுங்க. ரெண்டு மூணு வாரத்துல கூட்டுப்புழுவாகி இறக்கையோட வெளியே வந்துடும். முழு உருமாற்றத்துல இருக்கற நாலு நிலைகளையும் யாரும் உருப்போட வேண்டாம். தினமும் நீளத்தை அளந்து ஒரு வரைபடம் போடச் சொல்லுங்க. தோல் உரிக்கற நாள்ல மட்டும் புழு ஏன் சாப்பிடாம கிடக்குதுன்னு அவங்களே கேட்பாங்க.

இதுலயே இன்னொரு பாடம் ஒளிஞ்சிருக்கு. இதே குடும்பத்துப் புழுக்கள் எலுமிச்சையிலயும் நாரத்தையிலயும் வில்வத்துலயும் கிடைக்கும், பக்கத்துல இருக்கற செம்பருத்தியைத் தொடாது. ஏன்? நாலு செடியோட இலையையும் பறிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஊசியால குத்தின மாதிரி புள்ளி புள்ளியா ஒளி தெரியும். அதெல்லாம் எண்ணெய்ச் சுரப்பி. கசக்கி மோந்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு வாசம். நாலுமே ரூட்டேசி குடும்பம். வகைப்பாட்டியல் பாடத்தை எவ்வளவு பேர் வெறுத்திருப்போம்! ஆனா இங்கே அந்தக் குடும்பத்தைப் பிரிச்சுக் காட்டறது ஒரு புழு. இதை லத்தீன் பேரோட ஆரம்பிச்சிருந்தா ரெண்டாவது நிமிஷத்துலயே கொட்டாவி வந்திருக்கும்.

பேர்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். தமிழ் வழியில படிச்சுட்டு வந்த நம்ம நண்பர்கள் முதல் செமஸ்டர்ல பட்ட பாட்டைப் பார்த்துட்டு, "தமிழ்ல அறிவியல் படிச்சா இப்படித்தான்"னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. "ஆஸ்மாஸிஸ்"னு சொன்னா ஒண்ணும் தெரியாது. "சவ்வூடு பரவல்"னு சொன்னா, சவ்வு, ஊடு, பரவல்னு பாதி விளக்கம் அந்தப் பேர்லயே இருக்கு. உலர்திராட்சையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில காட்டினா மீதிப் பாதியும் முடிஞ்சது. இலைத்துளை, நீராவிப்போக்கு, ஒளிச்சேர்க்கை எல்லாமே அப்படித்தான். மியாசிஸுக்கு வச்ச "குன்றல் பிரிவு" அருமையான பேர், குரோமோசோம் எண்ணிக்கை குன்றுதுன்னு அதுவே சொல்லிடுது. மைட்டாசிஸுக்கு வச்ச "மறைமுகப் பிரிவு" அந்த அளவுக்கு உதவலை. அதுல எது மறைமுகம்னு பசங்க கேட்டா பதில் சொல்றது கஷ்டம். அந்த மாதிரி இடத்துல மைட்டாசிஸ்னே சொல்லிட்டுப் போகலாம்.

ஊர்ப் பேர்களையும் விட்டுடாதீங்க. கீழாநெல்லியைப் புரட்டினா காய் கீழ்ப்பக்கமா வரிசையா தொங்கும், பேர் வச்சவங்க உத்துப் பார்த்துத்தான் வச்சிருக்காங்க. பசங்களோட பாட்டிகளுக்கு இந்த மாதிரி நிறையத் தெரியும், போய்க் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ஒரே எச்சரிக்கை: எந்த இலை எந்த நோய்க்கு என்ற பட்டியலா அதை மாத்திடக் கூடாது. பூ எப்போ பூக்குது, எந்தப் பூச்சி வருது, இலை எப்படி அடுக்கியிருக்குன்னு பார்க்கறதுதான் நம்ம வேலை.

சமையலறையில இட்லி மாவு. மாவு பொங்கறது ஈஸ்டாலன்னு நம்மள்ல பல பேர் நினைச்சுட்டு இருப்போம். முக்கியமான வேலையைச் செய்யறது லியூக்கோநாஸ்டாக் மீசென்டிராய்டிஸ் மாதிரியான பாக்டீரியாக்கள்தான். அதுங்க அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குது, உளுந்தோட கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடிச்சு வச்சுக்குது. நேரான ஒரு கண்ணாடி டம்ளர்ல பாதி மாவு ஊத்தி, வெளியில ஒரு கிராஃப் தாளை ஒட்டி, பழைய போன்ல அரை மணிக்கு ஒரு போட்டோ எடுக்க வைங்க. காலையில அந்த உயரத்தை வரைஞ்சா, முதல்ல சும்மா கிடந்து, அப்புறம் சரசரன்னு ஏறி, கடைசியில படுத்துடும். நுண்ணுயிர் வளர்ச்சி வரைகோடுன்னு புத்தகத்துல இருக்கற படத்தோட சாயல் அதுல அப்படியே தெரியும். இன்னொரு டம்ளரை ஃபிரிட்ஜில வச்சா வெப்பநிலையோட வேலையும் புரிஞ்சுடும்.

இதயப் பாடத்துக்குக் கறிக்கடையில ஒரு ஆட்டு இதயம் வாங்கினா போதும். இடது வென்ட்ரிக்கிள் சுவரை விரலால அமுக்கிப் பார்த்தாலே, உடம்பு முழுக்க ரத்தம் தள்ளறது எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும். கையுறை வேணும், ஆசிரியரோட சம்மதம் வேணும், வேண்டாம்னு சொல்ற பசங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

கடைசியா கொசு. இது மார்க்குக்காக இல்லை, வருஷா வருஷம் டெங்கு வர்ற ஊர்கள்ல இருக்கறோம். பள்ளிக்கூடத்தைச் சுத்தி இருக்கற பழைய டயர், தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டுன்னு எல்லாத்தையும் பசங்களோட சேர்ந்து ஒரு வரைபடத்துல குறிங்க. எதுல புழு இருக்குன்னு எண்ணுங்க. தண்ணி மேல்பரப்புல படுத்த மாதிரி கிடந்தா அனாஃபிலஸ், மலேரியாக் கொசு. மூச்சுக்குழலை மேல நீட்டிக்கிட்டுத் தலைகீழா தொங்கினா ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். சுத்தமான தண்ணித் தொட்டியில தொங்கறது ஏடிஸா இருக்கவே வாய்ப்பு அதிகம். நம்ம வெயில்ல முட்டையிலிருந்து கொசுவா பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒரு தடவை தொட்டியைத் தேய்ச்சுக் கழுவச் சொல்றது இதனாலதான், அந்தச் சுற்றை நடுவுல அறுத்துடலாம். தேய்க்கணும்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு: ஏடிஸ் முட்டை தொட்டிச் சுவர்ல ஒட்டியிருக்கும், தண்ணி வத்தினாலும் மாசக்கணக்கா தாங்கும், மறுபடி தண்ணி ஏறினதும் பொரிக்கும். வெறுமனே தண்ணியைக் கொட்டிட்டா வேலை முடியாது.

இதையெல்லாம் செய்யும்போது வகுப்பை நீங்க எடுத்துக்காதீங்க. அந்தப் பள்ளி ஆசிரியரை முதல் வாரமே போய்ப் பார்த்து, அவர் அடுத்து நடத்தப்போற பாடம் எதுன்னு கேட்டு அதுக்கு ஏத்ததை மட்டும் தயார் பண்ணுங்க. அவர் செஞ்சு காட்டட்டும், நீங்க பொருள் எடுத்துக் குடுங்க. டிவிடி லென்ஸை அங்கேயே விட்டுட்டு வாங்க.

கொசுப்புழு பாட்டிலுக்கு மட்டும் ஒரு விதி. வாயில கொசுவலையை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டணும், கூட்டுப்புழு தெரிஞ்ச அன்னைக்கே கணக்கை முடிச்சுடணும். கமா மாதிரி வளைஞ்சு இருக்கறதுதான் கூட்டுப்புழு. நாலு சொட்டு சோப்புத் தண்ணி விட்டா மேல்பரப்பு இழுவிசை குறையும், மூச்சுக்குழலை நீட்டிக்கிட்டுத் தொங்க முடியாம எல்லாம் அடியில போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை மணி அடிக்கறதுக்கு முன்னாடி இதைப் பசங்களை விட்டே செய்யச் சொல்லுங்க, திங்கட்கிழமைக்கு வைக்காதீங்க.