பழைய இஎக்ஸ்5 மோட்டாருக்கு முதலில் பிரேக், பிறகுதான் அலங்காரம்

அதிகாலை 5.30 மணி. தோட்டத்து லயங்களில் சமையலறை விளக்கு எரியும் நேரத்தில், வாசலில் நிற்கும் பழைய மோட்டாரின் கிக்கரை யாரோ ஒருவர் மிதிப்பார். செம்பனைக் காட்டுக்கோ, பட்டணத்துத் தொழிற்சாலைக்கோ அதில்தான் போக வேண்டும். பல வீடுகளில் அதே மோட்டார்தான் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடுகிறது. மாலையில் அரிசி மூட்டையை ஏற்றி வருவதும் அதுதான்.

தீபாவளி போனஸ் வந்ததும் இந்த மோட்டாருக்கும் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் எங்கே போகிறது? சத்தமான எக்ஸ்ஹோஸ்ட், கலர் ரிம், ஸ்டிக்கர், பளிச்சென்ற விளக்கு. அதே மோட்டாரின் முன் பிரேக்கை இழுத்தால் லீவர் கைப்பிடியைத் தொடும் வரை வரும். பின் டயர் மொட்டையாக இருக்கும்.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். பழைய மோட்டாருக்குச் செலவு செய்யும்போது எதற்கு முதலிடம் என்பது வீட்டின் பாதுகாப்பையே பொறுத்த விஷயம். மோட்டாரை நிறுத்துகிற பாகங்களும், மற்றவர் கண்ணுக்கு நம்மைக் காட்டுகிற பாகங்களும் விலை குறைந்தவை. அவற்றில் பலவற்றை வீட்டு வாசலிலேயே சரிபார்க்கலாம்.

கப்சாய் ஏன் இத்தனை காலம் ஓடுகிறது?

ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் மோட்டாரின் வழி வந்ததுதான் நம் ஊர் கப்சாய். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ 1950களின் கடைசியில் ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். இஎக்ஸ்5 இங்கு 1987இல் அறிமுகமானது. 97 சிசி எஞ்சின், காற்றால் குளிரும் அமைப்பு, நான்கு கியர், கார்புரேட்டர், இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்று எல்லாமே எளிமையானவை. கிளட்ச் லீவர் கிடையாது. உதிரிப் பாகங்களும் சிறு பட்டணங்களில்கூடக் கிடைக்கும். இருபது, முப்பது ஆண்டு ஆன மோட்டார்கள் இன்றும் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுவதற்கு இந்த எளிமையே காரணம்.

வீட்டில் வேலை பார்க்க 8 முதல் 19 வரையிலான ஸ்பானர் செட், பிளக் கழற்றும் சாவி, ஸ்குரூடிரைவர், காற்றுப் பம்ப், டார்ச் விளக்கு, பழைய துணி ஆகியவை போதும். மெயின் ஸ்டாண்டு போட்டு, சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

பிரேக்: வாரத்தில் ஐந்து நிமிடம்

முன் பிரேக் லீவரை இழுக்கும்போது, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா நகரலாம். பின் பிரேக் பெடலுக்கு இந்த அளவு 20 முதல் 30 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் சரிசெய்ய வேண்டும்.

முன் பிரேக்கில் கேபிள் முனையிலும், பின் பிரேக்கில் நீண்ட கம்பியின் முனையிலும் ஒரு நட் இருக்கும். அதை உள்நோக்கித் திருகினால் பிரேக் இறுகும். அரைச் சுற்று திருகியதும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக்கை விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். உரசினால் இறுக்கம் அதிகம். ஓட ஓட டிரம் சூடாகிவிடும். அந்த நட்டின் ஒரு பக்கம் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். அந்த வளைவு பிரேக் கையில் உள்ள பின்னின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உட்காராவிட்டால் ஓடும்போது நட் நகர்ந்து பிரேக் தளர்ந்துவிடும்.

எவ்வளவு திருகினாலும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிரேக் சூ தேய்ந்துவிட்டது என்று பொருள். பல மாடல்களில் பிரேக் கையில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடித்தபடி பார்க்கும்போது, அந்த அம்பு டிரம் மூடியில் உள்ள குறியைத் தொட்டால் சூ மாற்றும் காலம் வந்துவிட்டது. டிரம்மைத் திறப்பவர்கள் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய சூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

மலைப்பாதைக்கு இன்னொரு பாடம் உண்டு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்கள், இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி, பிடிப்பு குறையும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் உருண்டு எண்ணெய் மிச்சம் பிடிப்பது ஆபத்தான கணக்கு.

டயரும் செயினும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பூ நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால் அந்த டயரை நம்பக் கூடாது. காற்றழுத்தம் எவ்வளவு என்பதை மோட்டாரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பார்க்கலாம். பின்னால் ஆள் ஏறும்போது பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும்.

செயின் உறையின் ரப்பர் மூடியைத் திறந்து, செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவு சுமார் 3 சென்டிமீட்டர் இருந்தால் சரி. அதிகமானால் பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டரைச் சமமாகத் திருப்ப வேண்டும். இரு பக்கக் கோடுகளும் ஒன்றாக இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக ஓடி, டயரும் செயினும் சீக்கிரம் தேயும். செயினைச் சரிசெய்ததும் பின் பிரேக்கின் அளவு மாறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சு நட்டை இறுக்கிய கையோடு பிரேக்கையும் பார்த்துவிட வேண்டும்.

செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் செயின் ஓயில் போடலாம். பெட்ரோல் வேண்டாம். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுச் சுற்றும் செயினில் துணியை வைத்தால், துணியோடு விரலும் ஸ்ப்ரோக்கெட்டில் மாட்டும்.

மினியாக் ஈத்தாம், பிளக், காற்று வடிகட்டி

எஞ்சின் ஓயில்தான் இந்த மோட்டாரின் ஆயுள். கப்சாயில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஓயிலில் நனைகின்றன. ஆகவே கார் ஓயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றக் கூடாது, கிளட்ச் வழுக்கும். போத்தலில் 4டி என்றும் ஜாசோ எம்ஏ என்றும் போட்டிருக்கும் மோட்டார்சைக்கிள் ஓயிலே பொருத்தம்.

அளவு பார்க்கும்போது ஓயில் கோலைத் துடைத்து, திருகாமல், துளையில் வைத்தெடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் கணக்குத் தவறும். மாற்றும் நாளில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், இளஞ்சூட்டில் பழைய ஓயில் முழுதாக வடியும். அடியில் உள்ள 17 சாவி நட்டை மூடும்போது அளவோடு இறுக்குவது முக்கியம். அலுமினியத்தில் உள்ள மரை கெட்டால், சில வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் பெரிய செலவு வந்து நிற்கும். வடிந்த கறுப்பு ஓயிலைக் கால்வாயிலோ செடி ஓரத்திலோ கொட்டக் கூடாது. போத்தலில் அடைத்து மோட்டார் கடையில் கொடுத்துவிடலாம்.

பிளக் எஞ்சினின் நாக்கு மாதிரி. அதன் நுனி பழுப்பாக இருந்தால் நல்லது. கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் எஞ்சின் அதிகச் சூடாகிறது. திரும்பப் போடும்போது முதலில் கையால் திருக வேண்டும், கடைசியில்தான் சாவி.

செம்மண் பாதையில் ஓடும் மோட்டாருக்குக் காற்று வடிகட்டி சீக்கிரம் அடைபடும். ஸ்பாஞ்ச் ரகமென்றால் கழுவிக் காயவைக்கலாம். காகித ரகமென்றால் மாற்ற வேண்டும். வேகம் கூடும் என்று வடிகட்டியையே கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூசி பிஸ்டனைத் தேய்த்து, வெள்ளைப் புகையில் போய் முடியும்.

கியர் போட்டால் குதிக்கிறதா?

கிளட்ச் லீவர் இல்லை என்பதற்காகக் கிளட்ச் சரிசெய்ய இடமில்லை என்று நினைக்க வேண்டாம். எஞ்சினின் வலப்பக்க மூடியில் ஒரு நட்டும், அதன் நடுவே ஸ்குரூவும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைக் கடிகார முள் திசையில் ஒரு சுற்று திருப்ப வேண்டும். பிறகு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் லேசான தடை தெரியும். அங்கிருந்து மீண்டும் கடிகார முள் திசையில் அரைக்கால் சுற்று திருப்பி, ஸ்குரூ நகராமல் பிடித்தபடி நட்டை இறுக்கினால் போதும். ஸ்டார்ட் செய்து முதல் கியர் போடும்போது மோட்டார் குதிக்காமல், எஞ்சின் நிற்காமல் இருந்தால் சரி.

எந்த மாற்றம் உதவும், எது வேண்டாம்?

பகலிலும் மோட்டார்சைக்கிள் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி மலேசியாவில் 1992 செப்டம்பரில் வந்தது. எதிரே வரும் லோரிக்கு நம்மைக் காட்டுவதே அதன் நோக்கம். ஆகவே செய்யத் தகுந்த முதல் மாற்றம், மங்கிப்போன விளக்குக் கண்ணாடியைப் புதிதாக மாற்றுவதுதான். பல்ப் மாற்றும்போது பழையதில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். பழைய இஎக்ஸ்5இன் முன்விளக்குக்கு மின்சாரம் எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் வருகிறது. அதனால்தான் நிற்கும்போது மங்குகிறது. பெரிய வாட் பல்ப் போட்டால் வெளிச்சம் கூடாது, வயர்தான் சூடாகும். பிரேக் பிடிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று வாரம் ஒருமுறை பிள்ளையைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பார்க்கலாம்.

அகலமான இரு பக்கக் கண்ணாடி, நல்ல மட்கார்டு ரப்பர், முன் கூடை ஆகியவை தினமும் உதவும். கூடையில் பாரம் கூடினால் ஹேண்டில் கனக்கும் என்பதையும், கூடை விளக்கை மறைக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். கைப்பேசி சார்ஜர் பொருத்துபவர்கள் ஃபியூஸ் வைத்து, சாவியைத் திறந்தால் மட்டும் மின்சாரம் வரும்படி இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிய பேட்டரி ஒரே இரவில் இறங்கிவிடும்.

சத்தமான எக்ஸ்ஹோஸ்ட், கலர் முன்விளக்கு, எழுத்தை வளைத்துச் செய்த எண் பலகை, கண்ணாடியைக் கழற்றுவது எல்லாம் ஜேபிஜேயோ போலீசோ நிறுத்தினால் சம்மனில் முடியும். பெரிய புளோக் போட்டு எஞ்சினின் சிசியைக் கூட்டுவது இன்னும் மோசம். கிரானில் உள்ள விவரமும் மோட்டாரும் ஒத்துப்போகாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கோரிக்கையிலும் சிக்கல் வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 97 சிசிக்காகச் செய்த டிரம் பிரேக் அந்த வேகத்தை நிறுத்தச் செய்யப்பட்டதல்ல.

போமேனிடம் விட வேண்டிய வேலை

மெயின் ஸ்டாண்டில் முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் ஹேண்டில் பேரிங் தளர்ந்திருக்கலாம். சக்கரப் பேரிங், வளைந்த ரிம், வால்வு இடைவெளி, நீல அல்லது வெள்ளைப் புகை, அடிக்கடி ஃபியூஸ் போவது ஆகியவையும் அனுபவமுள்ள கை பார்க்க வேண்டியவை. பிரேக் சூவை முதன்முறை மாற்றுபவர்களும் கடையில் போமேன் செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் தொடங்கினால் நல்லது.

ஒரு ஜோடி பிரேக் சூவின் விலை, குடும்பத்தோடு ஒருவேளை கடையில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டாரைக் கழுவும்போது அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, பிரேக், டயர், செயின், விளக்கு, ஓயில் என்ற வரிசையில் பார்த்துவிட்டால், திங்கட்கிழமை காலை பிள்ளையைப் பின்னால் ஏற்றும்போது மனம் தைரியமாக இருக்கும். ஸ்டிக்கர் ஒட்ட ஆசை இருந்தால், அதற்குப் பிறகு தாராளமாக ஒட்டலாம்.